நான்கு கோப்புகளும் ஒரு சிறு கட்டமும்

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை, தெல்கஹவத்தை தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் ரப்பர் மரங்கள் ஈரமாக இருந்ததால் பால் வெட்டு நடக்கவில்லை. தாய்மார் வீட்டில் நின்றுவிட்டதால், பிள்ளைக் காம்பராவில் பதிவாகியிருந்த பத்தொன்பது பிள்ளைகளில் ஆறு பேர் மட்டுமே வந்தார்கள்.

அந்த ஆறு பேரையும் உதவிக்காரி விஜயகலாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, ஜீவராணி பத்தரை மணிக்கு யட்டியாந்தோட்டை பஸாருக்குப் புறப்பட்டாள். கைப்பைக்குள் ஒரு பென் ட்ரைவ் இருந்தது. அதை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, அந்தப் பையை இன்னொரு பொலித்தீன் பையில் வைத்து, ரப்பர் வளையம் போட்டிருந்தாள். யோகராஜின் திரீவீல் குழியில் விழுந்து எழும்பும்போதெல்லாம் அவள் கை தானாகப் போய்ப் பையைத் தொட்டுப் பார்த்தது.

"என்னாங்க டீச்சர், உள்ள முட்டை கிட்டை வச்சிருக்கீங்களா? இந்தப் புடி புடிக்கிறீங்க," என்றான் யோகராஜ், கண்ணாடியில் பார்த்தபடி.

"முட்டைதான். நீங்க குழில விடாம ஓட்டுங்க."

"குழிய விட்டுட்டு ஓட்டணும்னா ரோடு எங்கன்னு காட்டுங்க, ஓட்டுறேன்."

ஜீவராணிக்கு முப்பத்தாறு வயது. பிள்ளைக் காம்பராவில் ஒன்பது வருடமாக வேலை. முதல் ஐந்து வருடம் உதவிக்காரியாக, பிறகு பொறுப்பாளராக. பால் வெட்ட மலைக்குப் போகும் தாய்மார் விடியற்காலையில் விட்டுப்போகும் பிள்ளைகளுக்குச் சோறூட்டி, தூங்கவைத்து, பாட்டும் கதையும் சொல்லி, அவர்கள் திரும்பிவரும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும். போன வருடம் தோட்டக் கம்பனியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. சிறுபிள்ளைப் பராமரிப்பில் டிப்ளோமா முடிக்காதவர்கள் 2024 ஜனவரியிலிருந்து அந்தப் பதவியில் இருக்க முடியாது. அவர்களுக்குத் தோட்டத்திலேயே வேறு வேலை தரப்படும் என்று அதில் இருந்தது. கீழ்ப்பிரிவில் வேறு வேலை என்றால் பால் வெட்டுத்தான்.

ஆகவே கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தின் தொலைக்கல்வி டிப்ளோமாவுக்குப் பதிந்தாள். வகுப்பெல்லாம் போனில். அவள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குள் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னாலிருக்கும் பாறையில் ஏறினால் இரண்டு கோடு வரும். ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாக, அந்தப் பாறையில் பதினெட்டு மாதம் நின்றிருக்கிறாள். எழுத்துப் பரீட்சைகள் நான்கிலும் சித்தி. மிச்சம் இருந்தது கடைசி ஒப்படை மட்டும். நான்கு கோப்புகளை, பாடநெறியின் இணையத்தளத்தில் ஏற்ற வேண்டும். கடைசி நேரம் அன்று பிற்பகல் நான்கு மணி.

முதற்கோப்பு ஒரு மாதத்துக்கான நாளாந்தத் திட்டம். இரண்டாவது, ஒரு பிள்ளையைப் பன்னிரண்டு வாரம் கவனித்து எழுதிய குறிப்பு. மூன்றாவது, ரப்பர் கொட்டையாலும் சிரட்டையாலும் அவள் செய்த விளையாட்டுச் சாமான்களின் படங்கள். நான்காவது, பிள்ளைகளோடு அவள் நடத்திய ஒரு விளையாட்டின் எட்டு நிமிட வீடியோ. அதை விஜயகலா மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது. முதல் தடவை ஒரு பிள்ளை போனைப் பிடுங்கியது. இரண்டாவது தடவை விஜயகலா சிரித்துவிட்டாள். மூன்றாவது எடுத்தது புதன்கிழமைதான்.

பஸாரில் 'அஸீஸ் கொமியூனிகேஷன்' பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருந்தது. போட்டோ கொப்பி மெஷின் ஒன்று, கொம்பியூட்டர் இரண்டு, அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க ஒரு நீலச் சீலை. கடைக்காரர் அஸீஸ் நானாவிடம் யும்னா மூன்று வருடமாக வேலை செய்கிறாள். ஜீவராணி சீஆர் கொப்பியில் கையால் எழுதிக் கொண்டுவந்த தொண்ணூற்றிரண்டு பக்கத்தையும் தமிழில் டைப் செய்தவள் அவள்தான். கடைசியில் ஒரு பக்கச் சுருக்கம் ஆங்கிலத்தில் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதையும் யும்னாதான் மொழிபெயர்த்திருந்தாள்.

"வாங்க டீச்சர். நேத்து மஃரிப் தொழுகைக்கு முந்தியே எல்லாத்தையும் முடிச்சிட்டேன்," என்றாள் யும்னா. "அந்தக் கிருஷாந்த் சங்கதிய டைப் பண்ணக்குள்ள எனக்கு அழுகையே வந்திட்டு. ஒம்பதாவது கிழமைல அவன் பேசுறானே, அந்த எடம்."

கிருஷாந்த் நான்கு வயதுப் பிள்ளை. காம்பராவுக்கு வந்து எட்டு மாதம் யாரோடும் ஒரு வார்த்தை பேசாதவன். ஒன்பதாவது வாரம் செவ்வாய்க்கிழமை, ரப்பர் கொட்டை வண்டியை இன்னொரு பிள்ளையின் கையிலிருந்து இழுத்துக்கொண்டு, 'எனக்கு' என்றான். ஜீவராணி அதை நேரத்தோடு குறித்திருந்தாள்: காலை 10.20.

"அழுதது போதும். வீடியோவ பாருங்க," என்று ஜீவராணி பொலித்தீனைப் பிரித்தாள்.

வீடியோ நானூற்று முப்பது எம்பி. இணையத்தளம் நூறுக்கு மேல் ஏற்காது. யும்னா அதைச் சுருக்கப் போட்டாள். பழைய கொம்பியூட்டர், திரையில் பச்சைக் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. இடையில் அடையாள அட்டை கொப்பி எடுக்க மூன்று பேர், பிறப்புச் சான்றிதழ் ஸ்கேன் செய்ய ஒருவர். பன்னிரண்டேகாலுக்குச் சுருக்கி முடிந்தது.

யும்னா இணையத்தளத்தைத் திறந்து ஜீவராணியின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தாள். உள்ளே விடவில்லை. பதிவான தொலைபேசிக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று அனுப்பியிருப்பதாகவும் அதைப் பத்து நிமிடத்துக்குள் தரும்படியும் கேட்டது.

"இது புதுசா ஈக்குதே," என்றாள் யும்னா. "போன தடவ கேக்கல்ல."

ஜீவராணி தன் போனைப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. யும்னா இன்னும் மூன்று தடவை குறியீடு கேட்டும் வரவில்லை.

"ஒங்கட நம்பருக்கு வராது டீச்சர். நானாட நம்பரத்தான் குடுத்தீக்கி."

அது அப்படித்தான். தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்ட ஆபீஸ் மேற்பார்வை என்றுதான் விலாசம் எழுதுவார்கள். லயத்துக்கென்று தனி விலாசம் கிடையாது. அதே பழக்கத்தில், மின்னஞ்சல் திறக்க வந்த தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் அஸீஸ் தன் போன் இலக்கத்தைக் கொடுத்திருந்தார். தங்கள் போன் இன்றைக்கு வேலை செய்யும், நாளைக்குச் செய்யாது, கடை எங்கேயும் போகாது என்று அவர்களே கேட்டு வாங்கியதும் உண்டு. ஜீவராணியும் அப்படிக் கேட்டவள்தான்.

"நானா எங்க?"

"ஜும்ஆவுக்குப் போய்ட்டாரு. பள்ளிக்குள்ள போன ஓஃப் பண்ணித்தான் வைப்பாரு. தொழுக முடிஞ்சி கமிட்டி கூட்டமும் ஈக்குது."

யும்னா ஷட்டரைப் பாதி இறக்கினாள். பஸாரில் முஸ்லிம் கடைகள் எல்லாம் பாதி இறங்கியிருந்தன. இருவரும் உள்ளே உட்கார்ந்து, யும்னா கொண்டுவந்திருந்த சோற்றைப் பாதி பாதியாகச் சாப்பிட்டார்கள். ஜீவராணி மூன்று வாய்க்கு மேல் தின்னவில்லை. வெளியே யோகராஜ் திரீவீலுக்குள் காலை நீட்டித் தூங்கினான்.

ஒன்றே முக்காலுக்கு அஸீஸ் தொப்பியோடு ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்தார். ஐம்பது வயது, பருத்த உடம்பு. விஷயத்தைக் கேட்டதும் போனைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"யா அல்லாஹ், நாலு கோட் வந்தீக்கி. ஓதுற எடத்துக்கும் ஒங்கட வெப்சைட்காரன் என்னைத் தொரத்திக்கிட்டு வந்தீக்கிறான் டீச்சர்."

"மன்னிச்சிக்குங்க நானா."

"மன்னிப்பென்னத்துக்கு? இந்தப் போனுக்குள்ள நூத்தி இருவது பேர்ட விசயம் ஈக்குது. நான் கண்ண மூடி மௌத்தானா முழுத் தோட்டமும் லொக் ஆகும்."

அந்தக் குறியீடுகள் எல்லாம் காலாவதியாகியிருந்தன. புதிதாக ஒன்று கேட்டு, அது வந்து, உள்ளே போனபோது இரண்டு மணிக்கு மூன்று நிமிடம் இருந்தது. முதற்கோப்பு ஏறியது. இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிறிய படமும் பெயரும் தோன்றின. ஜீவராணி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து அந்தப் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பத்துக்கு வீடியோவை ஏற்றத் தொடங்கினார்கள்.

ஒக்டோபரில் அந்தப் பக்கத்தில் மத்தியானத்துக்குப் பிறகு இடி வரும். அன்றும் வந்தது. நாற்பத்தாறு வீதத்தில் கோடு நின்றிருந்தபோது, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு முழக்கம் கேட்டது. அஸீஸ் எழும்பிப் போய்ச் சுவரிலிருந்த ரவுட்டரின் வயரைப் பிடுங்கினார். யாரும் யோசித்துச் செய்கிற காரியமல்ல அது. முழக்கம் கேட்டால் பஸாரில் எல்லாக் கடையிலும் கை ரவுட்டருக்குப் போகும்.

"நானா!" என்றாள் யும்னா. "வீடியோ போய்க்கிட்டு ஈக்குது!"

அஸீஸ் வயரைக் கையில் பிடித்தபடி நின்றார். "ச்சே. கை போய்ட்டு புள்ள. போன மாசம் முக்தார்ட கடைல ரவுட்டரும் போய், கொம்பியூட்டரும் போச்சே. அந்தப் பயத்துல..."

அடுத்த இடி கடைக்கு நேர் மேலே விழுந்தது மாதிரி இருந்தது. வயரைத் திரும்பக் கொழுவும்படி யாரும் சொல்லவில்லை. யும்னா கொம்பியூட்டரையும் நிறுத்தினாள். மழை கொட்டியது. யோகராஜ் தலையில் ஒரு ரெக்ஸின் துண்டைப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடிவந்தான்.

"இன்னும் ஏத்தலையா? டீச்சர், காலைல நடக்கத் தொடங்கியிருந்தா இந்நேரம் கொழும்புக்கே போயி கையில குடுத்திருக்கலாம்."

"போயிருந்தா நீங்க பின்னால திரீவீல உருட்டிக்கிட்டு வந்து வெயிட்டிங் கேட்டிருப்பீங்க," என்றாள் ஜீவராணி. அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்று மணிக்கு இடி தூரப் போனது. மின்சாரம் இருந்தது. அஸீஸ் ரவுட்டரை விட்டுவிட்டுத் தன் போனிலிருந்து இணைய இணைப்பைக் கொடுத்தார். மூன்று பத்துக்கு வீடியோ மீண்டும் முதலிலிருந்து ஏறத் தொடங்கியது. போனை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்கள். அழைப்பு வந்தால் இணைப்பு நின்றுவிடும் என்பதால், அஸீஸ் பக்கத்திலேயே நின்று வரும் அழைப்பையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இது மாப்பிள்ள பார்க்குற தரகரு. கட் பண்ணிட்டன். என்ட மகள்ட கலியாணம் நிண்டா டீச்சர்தான் பொறுப்பு."

எழுபது. எழுபத்தெட்டு. தொண்ணூற்றொன்று. மூன்று மணி முப்பத்தெட்டுக்கு நான்காவது கோப்பின் பெயரும் திரையில் வந்து நின்றது. யோகராஜ் கை தட்டினான். அஸீஸ் ரவுட்டரின் வயரைத் திரும்பக் கொழுவிவிட்டு, போனை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, தரகருக்குப் பதில் சொல்ல வெளியே போனார்.

யும்னா அடுத்த பொத்தானை அழுத்தினாள். வெள்ளையான ஒரு பக்கம் வந்தது. ஆங்கிலத்தில் நான்கு வரி. அதற்கு முன்னால் ஒரு சிறு கட்டம். கீழே ஒரு பொத்தான்.

"இதுல ஒரு டிக் போடணும் டீச்சர். போட்டா சரி."

"என்னா எழுதியிருக்கு?"

"சும்மா ஒரு உறுதிமொழி."

"வாசிச்சி சொல்லுங்க தங்கச்சி."

யும்னா திரைக்குக் கிட்டே போய் மெதுவாகத் தமிழில் சொன்னாள். "இந்த ஒப்படை முழுக்க முழுக்க என்னால மட்டும் செய்யப்பட்டது. வேறு எவருடைய உதவியும் பெறப்படவில்லை. இந்தக் கூற்று பொய்யென்று தெரியவந்தால் என் பதிவு நீக்கப்படும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்." பிறகு, "அவ்வளவுதான். எல்லாரும் டிக் போடுறதுதான்," என்றாள்.

ஜீவராணி திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"டைப் பண்ணினது நீங்கதானே," என்றாள்.

"அதுக்கென்ன?"

"இங்கிலீசுல எழுதினதும் நீங்க. வீடியோ விஜயகலா எடுத்தது. என்னால மட்டும்னு எப்படிப் போடுறது?"

"டீச்சர், டைப் பண்றதெல்லாம் உதவியில சேராது. அது கட வேல."

"வேற எதுல சேரும்?"

யும்னா மௌஸிலிருந்து கையை எடுத்தாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, லயத்துக் கூரைக்குத் தகரம் தருவதாகச் சொல்லி, ஒரு காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஆட்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். எல்லாக் கடதாசியும் சிங்களத்தில் இருந்தது. ஜீவராணியின் தகப்பன் ஏழுமலை தனக்கு நீட்டப்பட்ட இரண்டு கடதாசியிலும் கையெழுத்து வைத்தார். ஒன்று தகரத்துக்கு. மற்றது, உடல்நிலை காரணமாகத் தன் சொந்த விருப்பத்தின்பேரில் வேலையிலிருந்து விலகுவதாக. அடுத்த மாதம் வேலையாட்களின் பெயர்ப் பதிவான செக்ரோலில் அவர் பெயர் இல்லை. பேர் வெட்டியாகிவிட்டது என்றார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. தொழிற்சங்கத்துக்குப் போனார், கையெழுத்து உங்களுடையதுதானே என்று கேட்டார்கள். தகரம் பதினொன்றும் சொன்னபடி வந்தன. அந்தக் கூரைக்குக் கீழேதான் அவர் இப்போதும் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறார்.

அதன் பிறகு கீழ்ப்பிரிவில் எந்தக் கடதாசி வந்தாலும் முதலில் ஜீவராணியின் கைக்கு வரும். அவள் சிங்களம் நன்றாக வாசிப்பாள். ஆங்கிலம் என்றால் யாரையாவது பிடித்து வாசிக்கவைப்பாள். என்ன எழுதியிருக்கிறது, அது உண்மையா, இரண்டும் தெரியாமல் கை வைக்கக்கூடாது என்பது அவள் எல்லோருக்கும் சொல்கிற சொல். "ஜீவா பார்த்திருச்சா?" என்று கேட்காமல் அந்த லயத்தில் ஒருவரும் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

"இதுல பதிவ நீக்குவோம்னு போட்டிருக்காங்க," என்றாள் ஜீவராணி. "நாளைக்கு யாராவது கேட்டா? ஒங்ககிட்டயே கேட்டா நீங்க என்னா சொல்வீங்க? நான் டைப் பண்ணலன்னு சொல்வீங்களா?"

"ஆர் டீச்சர் வந்து என்கிட்ட கேக்கப்போற?"

"எங்கப்பாகிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க. சும்மா ஒரு கையெழுத்துன்னு."

யோகராஜ் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தோட்டத்து ஆள் என்பதால் அவனுக்கு அந்தக் கதை தெரியும். 

மூன்று நாற்பத்து நான்குக்கு ஜீவராணி நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். ஓர் ஆண் குரல் சிங்களத்தில் பேசியது. இணைப்பாளர் மிஸ் கூட்டத்தில் இருக்கிறார் என்றது. ஜீவராணி தன் கேள்வியைச் சிங்களத்தில் தெளிவாகச் சொன்னாள்: கொப்பியில் நான் எழுதியதை வேறொருவர் டைப் செய்தால், நானே செய்தேன் என்று உறுதி கொடுக்கலாமா?  அது தனக்குத் தெரியாது, மிஸ்தான் சொல்ல வேண்டும் என்றது மறுமுனை. எப்போது எடுக்கலாம் என்று கேட்டாள்.

"ஹதரென் பஸ்ஸே," என்றது குரல். நான்கு மணிக்குப் பிறகு.

"நாலு மணிக்கு மூடிருவாங்க மாத்தயா."

தனக்கு அது பற்றியும் தெரியாது என்றார் அவர்.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு மறுபடி எடுத்தாள். மணி அடித்து அடித்து நின்றது.

யும்னா பின்பக்கப் பொத்தானை அழுத்தி, முந்திய பக்கத்துக்குப் போய்க் காட்டினாள். "இங்க பாருங்க, நாலு பைலும் ஈக்குது. ஏறியாச்சி. ஒண்ணும் எங்கயும் போகாது. டிக் மட்டுந்தான் பாக்கி. அத மிஸ்கிட்ட கேட்டுட்டும் போடலாம்தானே?"

"போடலாமா?"

"பைல் ஏறினா ஏறினதுதானே டீச்சர்."

யும்னா அந்த மாதிரி இணையத்தளத்தில் அதற்கு முன் ஒப்படை எதுவும் ஏற்றியதில்லை. கடையில் அவள் ஏற்றுவதெல்லாம் வேலை விண்ணப்பங்களும் கடவுச்சீட்டுப் படங்களும்தான். அவற்றில் கோப்பு ஏறினால் வேலை முடிந்தது. இருந்தாலும் மூன்று ஐம்பத்தேழுக்கு அவளுக்கே ஒரு சந்தேகம் வந்தது. மீண்டும் அந்த வெள்ளைப் பக்கத்துக்குப் போனாள்.

"டீச்சர், பொழுது போகுது. நான் அமத்துறன். பாவம் என்டா எனக்கு வரட்டும்."

அவள் கை மௌஸில் நகர்ந்தது. அம்பு கட்டத்துக்குள் போய் நின்றது. ஜீவராணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கமான பிடி, யும்னாவின் வளையல் தோலில் அழுந்தியது.

"வேணாம் தங்கச்சி. எம் பேர்ல நீங்க பொய் சொல்ல வேணாம்."

இருவரும் அப்படியே இருந்தார்கள். போட்டோ கொப்பி மெஷினுக்கு மேலே இருந்த மணிக்கூட்டில் முள் நகர்ந்தது. யாரோ வந்து ரீலோட் கார்ட் கேட்டார்கள். யோகராஜ், "கொஞ்சம் பொறுங்க," என்று அவர்களைத் திருப்பினான்.

நான்கு மணி ஒரு நிமிடத்துக்கு யும்னா பக்கத்தைப் புதுப்பித்தாள். கட்டமும் பொத்தானும் இல்லை. நான்கு கோப்புகளின் பெயர்களும் அப்படியே இருந்தன.

"பாருங்க," என்றாள் யும்னா, மூச்சை விட்டு. "நாலும் ஈக்குது. டிக் கூடக் கேக்கல்ல. நல்லதாப் போச்சி."

ஜீவராணி அவள் மணிக்கட்டைத் தடவிவிட்டாள். "நோகுதா?"

"இல்ல. ஒங்கட கை இரும்பு டீச்சர்."

அஸீஸ் மூன்று பிளேன் டீ சொல்லியனுப்பினார். நான்கு பன்னிரண்டுக்கு, டீ வரும் முன்னால், ஜீவராணி மீண்டும் தொலைபேசி எடுத்தாள். இந்தத் தடவை மிஸ் பேசினார். மரியாதையான, களைத்த குரல். ஜீவராணி தன் கேள்வியைச் சொன்னதும் அவர் லேசாகச் சிரித்தார். டைப் செய்வது, வீடியோ எடுப்பது எல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை; முக்கால்வாசி மாணவர்கள் கடையில் கொடுத்துத்தான் செய்கிறார்கள்; அந்த உறுதிமொழி ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவதைத் தடுக்க என்று சொன்னார். பிறகு அவளுடைய பதிவிலக்கத்தைக் கேட்டார். விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

"நீங்க சமர்ப்பிக்க இல்லையே," என்றார் மிஸ் சிங்களத்தில்.

"நாலு பைலும் இருக்கு மிஸ். நான் பார்த்தேன்."

"இருக்கு. வரைவாக இருக்கு. உறுதிமொழி கொடுத்துச் சமர்ப்பித்தால்தான் எங்களுக்கு வரும். இது வரவில்லை. இப்போது மூடியாகிவிட்டது."

"இப்ப ஒரு தடவ திறந்து தர முடியாதா மிஸ்? பன்னிரண்டு நிமிஷந்தான்."

திறப்பது தன் கையில் இல்லை, எழுத்தில் மேன்முறையீடு செய்யலாம் என்றார் அவர். விடைபெறும்போது, இன்னும் கொஞ்சம் முன்கூட்டியே அழைத்திருக்கலாம் என்றும் சொன்னார்.

ஜீவராணி போனை மேசையில் வைத்தாள். யும்னா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். "நான்தான் டீச்சர். பைல் ஏறினா ஏறினதுன்னு சொன்னது நான்தான்."

"நீங்க அமத்தப் போனீங்க. புடிச்சது நானு," என்றாள் ஜீவராணி.

டீ வந்தது. குடித்தார்கள். யோகராஜ் திரும்பும் வழி முழுக்க மெதுவாக ஓட்டினான். குழிகளில் தண்ணீர் நிறைந்திருந்ததால் எது குழி என்று தெரியவில்லை.

அடுத்த நாள் மேன்முறையீட்டுக் கடிதத்தை ஜீவராணி கொப்பியில் எழுதிக் கொண்டுவந்தாள். யும்னா டைப் செய்தாள். அடியில் ஒரு வரி சேர்க்கும்படி ஜீவராணி சொன்னாள்: 'இக்கடிதம் என்னால் எழுதப்பட்டு, செல்வி யும்னாவால் தட்டச்சு செய்யப்பட்டது.' அந்த வரி வேண்டாம் என்று யும்னா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடிதம் அந்த வரியோடுதான் போனது.

நவம்பர் 14ஆம் திகதி மின்னஞ்சலில் பதில் வந்தது. யும்னா அச்சிட்டு, யோகராஜிடம் கொடுத்தனுப்பினாள். முறைமைப் பதிவேட்டின்படி ஒப்படை சமர்ப்பிக்கப்படவில்லை என்றும், தொழில்நுட்பக் கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்றும், விண்ணப்பதாரி அடுத்த அணியில் கடைசிப் பகுதியை மீண்டும் செய்யலாம் என்றும் அதில் இருந்தது. அடுத்த அணி 2025 மார்ச்சில் தொடங்கும்.

ஜீவராணி தோட்ட ஆபீசுக்குப் போய் அந்தக் கடிதத்தைக் காட்டினாள். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை வாசித்துப் பார்த்துவிட்டு, இது கம்பனியின் விதி, என் கையில் இல்லை என்றார். எழுத்துப் பரீட்சை நான்கிலும் அவள் எடுத்த புள்ளிகளை நல்ல புள்ளிகள் என்றார். அவள் வேறு வேலையை ஏற்பதாக ஒரு படிவம் தந்தார்கள். சிங்களத்தில் இருந்தது. அவள் இரண்டு தடவை வாசித்தாள். எழுதியிருந்ததெல்லாம் உண்மை. கையெழுத்துப் போட்டாள்.

டிசம்பர் கடைசி வாரம் அவிசாவளையிலிருந்து டிப்ளோமா முடித்த ஒருவர் புதிய பொறுப்பாளராக வந்தார். ஜீவராணி பிள்ளைகளின் பதிவேட்டையும், ரப்பர் கொட்டை விளையாட்டுச் சாமான் பெட்டியையும், பூட்டுகளின் திறப்பு மூன்றையும் எண்ணி ஒப்படைத்தாள். நான்கு கோப்புகளும் அந்த இணையத்தளத்தில் வரைவாகவே இருந்தன. அவற்றை யாரும் திறந்து பார்க்கவில்லை.

2024 ஜனவரி 2ஆம் திகதி செவ்வாய்க்கிழமை மழை இல்லை. காலை பெரட்டில் ஜீவராணியின் பெயர் கூப்பிடப்பட்டது. அவளுக்கு ஆறாம் இலக்க மலையில் பால் வெட்ட இருநூற்று எழுபது மரங்கள் கொடுக்கப்பட்டன.